நவரத்தினம் போட்ட கோடு

பேனையும் கடதாசியுமாக வருகிறவர்களை நான் நம்புவதில்லை. சண்டைக் காலத்தில் அப்படி வந்தவர்கள் யாரும் எங்களைப் பற்றி நல்லதாக எழுதியதில்லை.

அன்று மன்னார்த் தீவில் எங்கள் ஊருக்கு வந்தவர் பெயர் நவரத்தினம். வெள்ளைச் சட்டை, கழுத்தில் தொங்கும் மணிக்கூடு. அறுபது வயதைத் தாண்டியவர்கள் எவ்வளவு நடமாடுகிறார்கள், உடம்பு எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சியாம்.

"அந்தோனிமுத்து ஐயா, இது உங்கட நன்மைக்குத்தான்."

"என்ர நன்மைய நான் பாப்பன்," என்றேன்.

ஆனால் தப்ப வழியில்லை. அந்தக் கடதாசி கடல் பாஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போகும். 'நடமாட்டம் குறைவு' என்று எழுதிவிட்டால் எனக்குக் கடலுக்குப் போகப் பாஸ் கிடைக்காது. வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகாமல் நான் என்ன செய்வது? வீட்டில் இருந்து கொட்டாவி விடுவதா?

நவரத்தினம் தார் ரோட்டில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டார்.

"இந்தக் கோட்டில இருந்து அந்தக் கோட்டுக்கு, ஏலுமான வேகத்தில நடவுங்கோ."

கொஞ்சம் தள்ளி ஆமியின் காவலரண் இருந்தது. அதற்கு முன்னால் வேகமாக நடந்தால் முதலில் விசில் ஊதுவார்கள். பிறகு துவக்கைத் தூக்குவார்கள். அதனால் எங்கள் ஊரில் ஒருவரும் அங்கே வேகமாக நடப்பதில்லை.

அறுபதைத் தாண்டியவர்கள் என்று நாங்கள் மூன்று பேர் நின்றோம். மரியதாஸ் முட்டைமேல் கால் வைப்பதுபோல நடந்தான். அருளம்மா திருநாள் பவனியில் மாதா சொரூபத்துக்குப் பின்னால் போவதுபோல நடந்தாள். நான் இரண்டு பேரையும்விட மெதுவாக.

"இந்த ஊரில எல்லாருக்கும் முழங்கால் பலவீனம் போல," என்று நவரத்தினம் எழுதத் தொடங்கினார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் காரணத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அதையும் எழுதி எங்கே கொடுப்பாரோ?

பக்கத்து வீட்டுப் பெற்றிசியா மதிலில் இருந்து குதித்தாள். வயது பத்து. வாய்க்கு இருபது.

"சேர், எழுதாதேங்கோ! இவைக்கு விளங்கேல்ல. நீங்கள் ஒருக்கா வேகமா நடந்து காட்டுங்கோ."

"அதுக்கென்ன," என்று அவர் விறுவிறுவென்று நடந்தார்.

பாதித் தூரம் போகவில்லை. விசில் கீச்சிட்டது. இரண்டு ஆமிக்காரர் எழுந்து நின்றார்கள்.

நவரத்தினத்தின் பேனை கீழே விழுந்தது. இரண்டு கையும் தானாக மேலே போயின.

"இப்ப திரும்பி வாங்கோ சேர்," என்றாள் பெற்றிசியா. "மெதுவா. நாங்கள் நடக்கிற மாதிரி."

வந்தார். மரியதாஸைவிட மெதுவாக வந்தார்.

"உங்களுக்கும் முழங்கால் பலவீனமோ சேர்?"

அவருக்கு உடனே சிரிப்பு வரவில்லை. வியர்வையைத் துடைத்த பிறகுதான் வந்தது. எழுதிய தாளைக் கிழித்தார்.

"வேற இடம் இருக்கோ பிள்ளை?"

"கோயிலுக்குப் பின்னால கடற்கரை. அங்க நடந்தா ஆமிக்குத் தெரியாது."

மணலில் பெற்றிசியாவே காலால் இரண்டு கோடு கீறினாள். மரியதாஸ் பறந்தான். அருளம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவனைத் துரத்தினாள்.

நான் சாரத்தை மடித்துக் கட்டினேன்.

முதல் கோடு. இரண்டாம் கோடு. நான் நிற்கவில்லை.

"ஐயா! கோடு முடிஞ்சுது! நில்லுங்கோ!" நவரத்தினம் மூச்சிரைக்கப் பின்னால் ஓடி வந்தார். அவருடைய சப்பாத்து நிறைய மணல். பெற்றிசியா கைதட்டிக்கொண்டு அவரை முந்தினாள்.

"கோடு உமக்குத்தான் முடிஞ்சுது தம்பி," என்றேன், திரும்பிப் பாராமல். "என்ர வள்ளம் அங்க நிக்குது."