மூன்றாவது போட்டோ எங்கே?

போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் அம்மா அப்போதுதான் காபியில் வாய் வைத்திருந்தார்.

"மேடம்! பழைய பாலத்துக்குக் கீழ ஒரு ஆளு கெடக்காரு!" மறுமுனையில் கான்ஸ்டபிள்.

"செத்தவரா, செத்துக்கிட்டு இருக்கறவரா?"

"செத்தவர் மேடம்."

"அப்ப காபிய முடிச்சுட்டு வரேன்."

வந்தார். பார்த்தார். காபியை முடித்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

பாலத்தின் இரண்டாவது தூண். தண்ணீருக்கு இறங்கும் படிகள். கடைசிப் படியில் மல்லாந்து கிடந்தார் அறுபத்தைந்து வயதுப் பெரியவர். படியின் விளிம்பில் பின்மண்டை மோதி, ரத்தம் காய ஆரம்பித்திருந்தது. கையில் ஒரு பிரஷ். கழுத்தில் கேமரா. பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீரும், ஒரு குவியல் பச்சைப் பாசியும்.

தூணில் ஒரு கல்வெட்டு. பாலத்தைக் கட்டியவர் பெயர், கட்டிய வருடம்... எல்லா எழுத்தும் பளிச்! சுற்றிலும் தூண் முழுக்க விரல் தடிமனுக்குப் பாசி. இந்தக் கல் மட்டும் முகம் கழுவிப் பவுடர் போட்டது போல இருந்தது.

"யாருய்யா இவரு?"

"டிராயிங் மாஸ்டர் மேடம், ரிடையர்டு. எந்தக் கட்டடத்துல, எந்தப் பாலத்துல பழைய கல்வெட்டு இருந்தாலும் விடமாட்டாரு. போய் போட்டோ எடுத்துட்டுத்தான் மறுவேலை."

"எதுக்கு?"

"அது அவருக்கே தெரியுமோ என்னவோ..."

கேமராவைத் தட்டிப் பார்த்தார்கள். இன்றைய தேதியில் ஒரு படம்கூட இல்லை! குனிந்து குனிந்து தேய்த்த மனுஷன், ஒரு கிளிக் அடிப்பதற்குள் போய்விட்டார். பாவம்.

மத்தியானத்துக்குள் கொலைகாரன் கிடைத்துவிட்டான்.

மருமகன்!

மெக்கானிக். முந்தின நாள் சாயங்காலம் நடுத்தெருவில் மாமனாரோடு சண்டை. எட்டு மாசக் கர்ப்பிணி மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகச் சொன்ன மாஸ்டர், வழியில் ஏதோ கட்டடத்துக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாராம்.

"ஒருநாள் இல்ல ஒருநாள், அந்தக் கல்லுலயே உங்க மண்டை உடையப்போகுது மாமா!" என்று மருமகன் கத்தினான். தெருவே கேட்டது. மறுநாள் காலையில் சொன்னபடியே உடைந்தது; வழுக்கி விழுந்தார் என்று யார் நம்புவார்கள்?

"காலைல ஏழரையிலேருந்து எட்டரை வரைக்கும் எங்க இருந்தே?"

"ஒரு வேனை ட்ரையல் ஓட்டிட்டு இருந்தேன் மேடம்."

"கூட யாரு?"

"வேன் மட்டும்தான்..."

உள்ளே தள்ளினார்கள். ஐந்து மணிக்கு ஜட்ஜ் முன்னால் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் குழந்தை பிறக்கும்போது அப்பா ஜெயிலில் இருப்பான்.

மூன்று மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மகள் வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்கப்பா போயிட்டாரு மேடம். இவரையும் எடுத்துக்காதீங்க. இவரு கோவக்காரருதான்... ஆனா வாய் மட்டும்தான். கரப்பான்பூச்சியைக்கூட நான்தான் அடிக்கணும்!"

"உக்காரும்மா. அப்பா கடைசியா எப்ப பேசினாரு?"

"காலைல ஏழு மணிக்கு. 'பாலத்துக்கடியில ஒரு கல்வெட்டு ஒளிஞ்சுக்கிட்டு இருந்துருக்குடி, பாசியச் சுரண்டிட்டு இருக்கேன். எட்டு மணிக்கு வெயில் சாய்வா விழும், அப்பத்தான் எழுத்து எடுப்பாத் தெரியும். இன்னியோட நான்தான் நம்பர் ஒண்ணு!'ன்னாரு."

"நம்பர் ஒண்ணா?"

"இவங்களுக்கு ஒரு குழு இருக்கு மேடம். ஒரு கல்வெட்டை யாரு முதல்ல போட்டோ எடுத்து குழுவுல போடறாங்களோ, அது அவங்க கணக்கு. அப்பா ஆயிரத்து நானூத்திப் பன்னண்டு. அதே குழுவுல மூக்குக் கண்ணாடிக் கடை வெச்சிருக்கறவர் ஒருத்தரு, அவரும் அதே பன்னண்டு. ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் முட்டிக்கிட்டு நின்னாங்க."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தக் குழுத் தலைவர் நம்பர் குடும்மா."

மணி நாலேகால். மூக்குக் கண்ணாடிக் கடை.

சுவர் முழுக்க ஃபிரேம்கள். எதிர்ச் சுவரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து போர்டு. நடுவில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார் கடைக்காரர். ஒல்லி. சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது.

"மாஸ்டர் எனக்கு அண்ணன் மாதிரி மேடம். காலைலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல."

"உங்க கணக்கு எத்தனை சார்?"

"ஆயிரத்து நானூத்திப் பதிமூணு." துக்கத்திலும் கணக்கு சுத்தமாக வந்தது.

"நேத்து பன்னண்டுதானே?"

"காலைல ஒம்பதரைக்கு ஒண்ணு போட்டேன். அதே பாலத்துக் கல்லுதான். போன மாசமே எடுத்தது... இன்னிக்குத்தான் நேரம் கெடைச்சுது."

"பாசி?"

"அப்ப பாசியே இல்ல மேடம்."

ஒரு மாதத்தில் விரல் தடிமன் பாசி! ஆனால் பாசி கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லாது. இன்ஸ்பெக்டர் பேச்சை மாற்றினார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். ஒரு கல்லை எப்படித்தான் எடுப்பீங்க?"

கடைக்காரர் முகத்தில் பல்பு எரிந்தது!

"மூணு போட்டோ மேடம். முதல்ல கிட்டக்க, எழுத்து படிக்கற மாதிரி. ரெண்டாவது, கல்லு முழுசா. மூணாவது, தள்ளி நின்னு... கல்லு எந்த எடத்துல இருக்குன்னு தெரியணும். ஓரத்தை வெட்டக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது. மூணும் இருந்தாத்தான் கணக்கு."

"நீங்க ரெண்டுதானே போட்டிருக்கீங்க?"

துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றது.

"மூணாவது... போடணும்."

"சீக்கிரம் போடுங்க. அஞ்சு மணிக்குள்ள வரலேன்னா தள்ளுபடின்னு உங்க தலைவர் சொன்னாரு. அப்புறம் இன்னொண்ணு... சொல்லவே சங்கடமா இருக்கு. எங்க கான்ஸ்டபிள் அங்க எடுத்த போட்டோவை மாஸ்டர் பேர்ல சேத்துக்கறாங்களாம். கல்லைத் தேய்ச்சது அவருதானே. அவரு பதிமூணு. நீங்க பன்னண்டு."

"அநியாயம் மேடம்! அவரு ஷட்டரையே அமுக்கலையே!"

இன்ஸ்பெக்டர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"நான் என்ன சார் பண்ண முடியும்? மூணாவது இல்லையே."

"யாரு சொன்னா இல்லேன்னு?!"

கடைக்காரர் டிராயரைப் படாரென்று இழுத்தார். கேமராவை எடுத்தார். பட்டனைத் தட்டித் தட்டி, திரையை இன்ஸ்பெக்டர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாருங்க! தூண்... படி... கல்லு! ஃபர்ஸ்ட் கிளாஸ் வெளிச்சம்!"

அருமையான படம். இடது பக்கக் கீழ் மூலையில் மட்டும் கடைக்காரரின் கட்டை விரல் இருந்தது.

"விரலை எடுங்க சார்."

"திரையில கொஞ்சம் கீறல் மேடம்..."

"எடுங்க!"

எடுத்தார்.

மூலையில் ஒரு பக்கெட். பக்கெட்டுக்குப் பக்கத்தில்... செருப்புப் போட்ட இரண்டு கால்கள், மல்லாந்த வாக்கில்!

இன்ஸ்பெக்டர் கேமராவைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"ஒரே ஒரு தள்ளுதான் மேடம் தள்ளினேன்!" கடைக்காரர் ஸ்டூலில் சரிந்தார். "அவரு பின்னாடியே போனேன். 'நான் கண்டுபிடிச்சது, நான்தான் எடுப்பேன்'னு குறுக்க நின்னாரு. பத்து நிமிஷத்துல அந்த வெயில் போயிடும் மேடம்!"

"விழுந்தவரைத் தூக்கலையா?"

"மூணாவதை எடுத்துட்டுத் தூக்கலாம்னு இருந்தேன்... அதுக்குள்ள..."

"இதை ஏன்யா அழிக்காம வெச்சிருந்தே?"

கடைக்காரர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அழிச்சா பதிமூணு செல்லாதே மேடம்!"

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம்.

லாக்கப் திறந்தது. மெக்கானிக் வெளியே வந்தான். மனைவி அவன் நெஞ்சில் ரெண்டு குத்து குத்திவிட்டு, அதே நெஞ்சில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

"நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாதுடி..." அவன் அவள் தலையைத் தடவினான். "கடைசியா மாமாகிட்ட பேசுனது அதுவாப் போச்சே."

இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. விலங்கோடு இறங்கிய கடைக்காரர் நாலடி நடந்தார். சடாரென்று நின்றார்! கான்ஸ்டபிள் இழுத்தும் அசையவில்லை. ஸ்டேஷன் திறந்த தேதியோடு, வாசல் சுவரில் ஒரு கல்.

"மேடம்! இதை இன்னும் யாருமே எடுக்கல! ஒரே நிமிஷம்... விலங்கை மட்டும் கழட்டுங்க, ப்ளீஸ்!"

இன்ஸ்பெக்டர் அம்மா கல்லைப் பார்த்தார். கடைக்காரரைப் பார்த்தார்.

"அவசரமே இல்ல சார். பதினாலு வருஷம் கழிச்சு நிதானமா எடுத்துக்கலாம். கல்லு எங்கயும் போயிடாது... அதுவரைக்கும் நீங்களும்தான்!"