முன்னேர்

செவ்வாய்க்கிழமை என்றால் ஓவியா இரண்டு பேருக்குச் சமைப்பாள். அரிசியும் பருப்பும் நன்றாகக் குழைய விட்டு, மிளகாயை அண்டவிடாமல், உப்பைக்கூடப் பேருக்குப் போட்டு டப்பாவில் அடைத்துக்கொண்டு, பகல் வெயிலில் வெளியே நடமாடத் தடை தொடங்குவதற்குள் வடவள்ளிப் பேருந்தைப் பிடித்துவிட வேண்டும். ஓட்டுநர் இல்லாத பேருந்து. தாமதமானால் திட்டுவதற்குக்கூட ஆள் கிடையாது.

அவள் பார்க்கப் போவது தரணீஷ் அய்யாவை. அறுபத்தெட்டு வயது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார். தனி வீடு. ஓவியாவுக்கும் அவருக்கும் சொந்தபந்தம் எதுவும் இல்லை. இருவருக்கும் ஒரே புற்றுநோய், அவ்வளவுதான்.

போனதும் அவர் கையைப் பிடித்துப் பார்ப்பாள். பாசம் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். நகக்கண்கள் வெடித்திருக்கின்றனவா, மூக்கின் இரு பக்கமும் பருக்கள் சிவந்து பழுத்திருக்கின்றனவா, வாய்க்குள் புண் இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். மூன்றும் இருந்தால் அவளுக்கு நிம்மதி. பிறகுதான் டப்பாவைத் திறப்பாள். இரண்டு வாய் விழுங்குவதற்குள் புண் எரிந்து அவர் கண்ணில் நீர் முட்டிவிடும்.

செல்லின் மேல் வளர்ச்சி ஏற்பி என்று ஒன்று இருக்கிறது. 'வளர்' என்ற கட்டளையை வாங்கி உள்ளே அனுப்பும் வாசல் அது. இவர்களுக்கு வந்த புற்றில் அந்த வாசல் எந்நேரமும் திறந்தே கிடக்கும். ஏற்பியடைப்பான் மாத்திரை அதில் போய் ஆப்பாக உட்கார்ந்துகொள்ளும். தோலுக்கும் நகத்துக்கும் குடலுக்கும் அதே வாசல்தான் என்பதால் அவையும் சேர்ந்து அடி வாங்கும். தோல் வெடித்தால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். சில மாதங்களில் புற்று வாசலின் வடிவத்தை மாற்றிக்கொள்ளும், மருந்து பொருந்தாது. இதெல்லாம் அரை நூற்றாண்டாகத் தெரிந்த சங்கதி.

புதிதாக வந்தது சர முறை. ஒரே வடிவ வாசல் உள்ள நோயாளிகளைத் தேடிப் பிடித்து ஒரு சரமாகக் கோர்த்துவிடுவார்கள். அதில் யாருக்கு நோய் முற்றியிருக்கிறதோ அவர் முன்னேர், உழவில் முதலில் போகிற ஏர் மாதிரி. புற்று வாசலை மாற்றிக்கொள்வது முதலில் அவர் உடம்பில்தான் நடக்கும். அவர் ரத்தத்திலிருந்து புது வடிவத்தைப் படித்து, கணிப்பொறி சில வாரங்களில் அதற்கேற்ற மருந்தைச் செதுக்கித் தரும். பின்னால் வருகிறவர்களுக்கு, அவர்கள் புற்று மாறுவதற்கு முன்பே அந்த மருந்து கிடைத்துவிடும். முன்னேருக்கும் அதே மருந்துதான், ஆனால் நோய் இன்னொரு சுற்று வளர்ந்த பிறகு. ஒவ்வொரு முறையும் அவர் கொஞ்சம் தாமதம். ஓவியா அந்தத் தாமதத்தில்தான் உயிரோடு இருந்தாள். அவள் சரத்தில் இரண்டாவது.

ஆரம்பத்தில் முன்னேரின் பெயரை மறைத்து வைத்திருந்தார்கள். பிறகு ஒரு நீதிமன்றம், யார் உடம்பை மிதித்து நடக்கிறோம் என்று பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும் என்றது. அதிலிருந்து இரண்டாமவர் வாரம் ஒருமுறை முன்னேரைப் போய்ப் பார்த்தாக வேண்டும். சாப்பாடு கொண்டுபோகச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. வெறுங்கையோடு போக யாருக்கும் மனசு வரவில்லை, தானாக வழக்கமாகிவிட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை தரணீஷ் அய்யா தானே எழுந்துவந்து கதவைத் திறந்தார்.

"வாங்க அம்மிணி. பசி உயிரு போவுது. என்ன கொண்டாந்தீங்க?"

அவர் முகத்தில் ஒரு பருகூட இல்லை. காய்ந்து உதிர்ந்த இடங்களில் புதுத்தோல் மினுமினுத்தது. டப்பாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அலமாரியிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்துத் தரச் சொன்னார். விரலால் தொட்டு நக்கிக் கண்ணை மூடிக்கொண்டார். வேறு யார் பார்த்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஓவியா அவர் கையை இழுத்து நகக்கண்களைப் பார்த்தாள், வெடிப்புகள் மூடியிருந்தன.

"மாத்திரைய எப்பங்க நிறுத்துனீங்க?"

"போன செவ்வாக்கெழம, நீங்க அந்தப்பக்கம் போனதும். டாக்டர்கிட்டக்கூட இன்னும் சொல்லலீங்க. உங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்." அவர் ஊறுகாய் விரலை மறுபடி நக்கினார். "சோறு சோறாட்டத் தெரியுதுங்க அம்மிணி. போறதுக்குள்ள நாலு வாய் ருசியாத் தின்னுட்டுப் போறனே."

நியாயமான ஆசை. சட்டமும் அவர் பக்கம்தான். முன்னேர் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவர் விலகினால் அடுத்த முன்னேர் ஓவியா. நாற்பத்து மூன்று வயதில், எல்லா மருந்தும் தாமதமாக வந்து சேரும் இடத்துக்கு அவள் போக வேண்டும்.

"இன்னும் ஒரே ஒரு சுத்து மட்டும் சாப்புடுங்க அய்யா. உங்களக் கும்புட்டுக் கேக்கறனுங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொழந்தைங்க இருக்குதுங்களா உங்களுக்கு?"

ஒரு பெண் குழந்தை, ஆறாவது படிக்கிறது, அம்மா இல்லாவிட்டால் தூங்காது. இத்தனையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அந்தக் குழந்தைக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள்.

"இல்லீங்க."

"ஊட்டுக்காரரு?"

"இல்லீங்க. யாருமே இல்லீங்க. என்னை நம்பி ஒரு நாய்கூட இல்லை. எனக்கு வாழணுமுங்க. அவ்வளவுதானுங்க."

தரணீஷ் அய்யா சிரித்துவிட்டார். பல மாதங்களாக வாய்ப்புண் இல்லாமல் அவர் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"புள்ள குட்டின்னு ஏதாச்சும் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். எனக்கும் இப்படித்தான் இருந்துச்சுங்க, காரணமே இல்லாத ஆசை. இப்பத்தான் காணாமப் போச்சு." கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "அந்த மாத்திரை அட்டைய எடுங்க. மேல் தட்டுல கெடக்குது."

அடுத்த முறை போனபோது பருக்கள் வந்திருந்தன. அதற்கடுத்த முறை நகக்கண்கள் வெடித்து, சட்டைப் பொத்தானைக்கூட அவரால் போட முடியவில்லை. அவள் போட்டுவிட்டாள். சொல்லவே கூசுகிறது, அன்றைக்குப் பேருந்தில் அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டுதான் வீடு திரும்பினாள்.

அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் ஆய்வு நிலையத்தில் சரத்தைக் கவனிக்கும் டாக்டர் ஆருத்ரா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை அவர்.

"இந்தத் தடவை வாசலோட வடிவம் மாறலைங்க, ஓவியா. வாசலே இல்லை. புற்று அந்த ஏற்பியையே உதறிடுச்சு. இனிமே வளரச் சொல்லி யாரும் அதுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுபாட்டுக்கு வளருது."

"அப்ப மருந்து?"

"எதுல கொண்டுபோய்ச் செருகறது?"

"எனக்கும் இதேதானா?"

"உங்க சரத்துல இருக்கற எல்லாருக்கும். முன்னபின்ன ஆகலாம், பாதை இதுதான்." டாக்டர் மேசையைப் பார்த்தார். "அவர் நிறுத்தியிருந்தா நமக்கு இது தெரியாமலே போயிருக்கும். இனி அவர் அந்த மாத்திரை சாப்பிடறதால அவருக்கும் பிரயோசனம் இல்லை, உங்களுக்கும் இல்லை."

தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று ஓவியா கேட்டாள். டாக்டர் அந்த முடிவுத் தாளை மடித்து வைத்தார்.

அன்று வியாழக்கிழமை. முதல்முறையாக வெறுங்கையோடு வடவள்ளிக்குப் போனாள். அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். உதட்டோரம் ரத்தம் கட்டியிருந்தது. செய்தி அவருக்கு முன்பே வந்துவிட்டது.

"உங்களுக்குன்னு ஒண்ணுமே கொண்டாந்து குடுக்க முடியலீங்களே அம்மிணி. மன்னிச்சுக்குங்க."

ஓவியாவுக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் அவரை வெறுத்தாள். தப்பான தெருவில் அழைத்துக்கொண்டு போய்விட்டவர் மேல் வருகிற ஆத்திரம் அது. பிறகு அந்தக் கையைப் பார்த்தாள். பத்து நகக்கண்களிலும் சீழ் வைத்திருந்தது. இவள் கேட்டதால் வந்தது.

"இப்ப நிறுத்திக்கட்டுங்களா?" என்று கேட்டார் அவர்.

அவர் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எந்தச் சட்டத்திலும் இல்லாத அனுமதி அது. நிறுத்திக்குங்க அய்யா, வேண்டியதைச் சாப்பிடுங்க என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"இன்னும் ஒரே ஒரு சுத்து பாத்துடலாமுங்களா?"

சொன்னது தான்தான் என்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. தரணீஷ் அய்யா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை.

"செரிங்க அம்மிணி" என்று சொல்லி, மாத்திரை விழுங்கத் தண்ணீர் கேட்டார்.

ஓவியா எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தாள்.