வெளுத்த முகம்

மாலை நாலரை மணி. மழை. மயிலாப்பூரில் கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. டீ கிளாஸை எடுக்க வந்த தேவானை, டார்க் ரூம் வாசலில் தான் வைத்த டீ ஆடை கட்டி அப்படியே இருப்பதைப் பார்த்துக் கதவைத் தள்ளினாள். போட்டோ ஸ்டூடியோ முதலாளி சந்திரமௌலி குப்புறக் கிடந்தார். பக்கத்தில் கேமரா ஸ்டாண்ட். அதன் காலில் ரத்தம்.

இன்ஸ்பெக்டர் அய்யாதுரை டார்ச்சோடு வந்தார். மதியம் சாப்பிடவில்லை, பசி எரிச்சலில்தான் அவருக்கு மூளை நன்றாக ஓடும். இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அந்த நேரத்தில் ஸ்டூடியோவில் இருந்ததாகச் சொன்னவன் ஷ்ரவண் ஒருவன்தான். கம்ப்யூட்டரில் படம் திருத்துகிறவன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் போட்டோக்களில் மாநிறப் பெண்களை வெளுப்பாக்குவது அவன் வேலை. பெண்ணை நிறம் பார்த்து எடுக்கிற ஊரில் அந்தத் தொழில் படுக்குமா என்ன? ஸ்டூடியோ அதில்தான் பேர் வாங்கியிருந்தது.

இரண்டு மணிக்குச் சாப்பிட்டு வந்து சீட்டில் உட்கார்ந்தவன், கரண்ட் போகும்வரை எழுந்திருக்கவே இல்லை என்றான். சீட்டுக்கு நேர் எதிரே டார்க் ரூம் கதவு. மூன்று மணிக்குத் தேவானை உள்ளே போய் வந்தாள், வேறு ஈ காக்கைகூடப் போகவில்லை என்றான்.

ஸ்டூடியோவைக் கூட்டிப் பெருக்கி டீ வாங்கித் தருகிறவள் தேவானை. அன்று காலையில்தான் சந்திரமௌலி அவளை நாலு பேர் எதிரில் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார்.

"நான் உள்ள போவல சார். கூப்ட்டேன், சத்தமில்ல. வாசல்லயே வெச்சுட்டுப் போய்ட்டேன். இந்தத் தம்பி அப்ப சீட்லயே இல்ல" என்றாள்.

படித்த பையனின் வார்த்தையா, கூட்டிப் பெருக்குகிறவளின் வார்த்தையா? ஏட்டு ரகுபதி தீர்மானித்துவிட்டார். அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போகப் பெண் போலீஸுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். கொலைக்கேஸ் தன் தலையில் விழப்போகிறது என்று தேவானைக்கும் புரிந்துவிட்டது. அவள் அழக்கூட இல்லை.

அப்போது பிளாஸ்டிக் பையோடு இனாயத் வந்தான். ரிச்சி தெருவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவன். முதலாளி செத்த செய்தி கேட்டதும் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அய்யாதுரை அவனை வெளியே வைத்தே விசாரித்தார். புது ஸ்கேனர் பழைய விண்டோஸில் ஓடாது என்று முதலாளி புது விண்டோஸ் போடச் சொன்னாராம். ஷ்ரவண் சாப்பிடப் போயிருந்தபோது போட்டுவிட்டு, அவன் திரும்பும் முன்பே கிளம்பிவிட்டானாம்.

பையில் என்ன என்று கேட்டார்.

"டிஸ்ப்ளே கார்டு சார், திரைல படம், கலர் காட்டுறது. மெஷின்ல கீற கார்டு பழசு. புது விண்டோஸுக்கு அதோட சாஃப்ட்வேர் தரமாட்டேன்னு கம்பெனிக்காரன் கைகழுவிட்டான். வேற கார்டு எடுத்தாறேன்னு சொல்லிட்டுப் போனேன்."

அய்யாதுரை உள்ளே வந்து ஷ்ரவணிடம் அவன் வேலையைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டார். அடையாறுப் பெண் ஒருத்தியின் படம், கன்னத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தேன் என்றான். திரையில் நிறம் சரியாகத் தெரிந்ததா? தெரிந்தது. கம்ப்யூட்டர் எப்போதும் போலத்தான் இருந்ததா? ஆமாம்.

கரண்ட் வந்தது. மெஷினைப் போட்டு அந்தப் படத்தைத் திறக்கச் சொன்னார்.

எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக வந்தது. அப்புறம் படம். பெண்ணின் முகம் மஞ்சளும் பழுப்பும் சாம்பலுமாகத் தேமல் படர்ந்த மாதிரி இருந்தது. ஷ்ரவணின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

"பழைய கார்டுல இப்ப பதினாறு கலர்தான் சார் வரும்" என்றான் இனாயத்.

"ரெண்டு மணிக்கு முன்னாலயே திரை இப்படி ஆகிப்போச்சு" என்றார் அய்யாதுரை. "இதுல எப்படிப்பா கன்னத்தை வெளுத்த? ஒரு நிமிஷம் உக்காந்திருந்தாலும் மொதல்ல இதைத்தான் சொல்லியிருப்ப. விண்டோஸ் மாறினது தெரிஞ்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் வெளியே போயிட்டார், ஒருத்தர் செத்துட்டார். சீட்ல இல்லாதவன், அந்தம்மா உள்ள போனதை எங்கேருந்து பார்த்த? நடந்தது தெரிஞ்சவன்தான் அப்படி ஒரு பொய்யைச் சொல்லுவான்."

ஷ்ரவண் மவுஸிலிருந்து கையை எடுத்தான்.

"மஹதி படத்தையும் நான்தான் வெளுத்தேன் சார். என் அக்கா. பொண்ணு பார்க்க வந்தவா, போட்டோல இருக்கறவ எங்கேன்னு கேட்டுட்டு எழுந்து போய்ட்டா. அவ மறுநாள் கெணத்துல விழுந்துட்டா. இனிமே இந்த வேலை வேண்டாம்னு இன்னிக்கு இவர்ட்ட சொன்னேன். வெளுத்தது உன் கைதானேடான்னு சிரிச்சார். கைக்கு ஸ்டாண்டுதான் கெடைச்சது."

தேவானை எழுந்து அவனெதிரில் வந்து நின்றாள்.

"உங்க அக்காவுக்கு நான் இன்னா தம்பி பண்ணேன்?"

அவன் கடைசிவரை அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.