மீள்வரவுச் சீட்டு

நிலவுக் குடியரசில் நிலைவாழ்வுரிமை பெற்ற ஒவ்வொருவரும் காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்னர், சுவரில் பதித்திருக்கும் அரசுக் கண்ணின் எதிரே நின்று நாக்கை நீட்ட வேண்டும். கைரேகையைப் போலவே நாக்கின் மேற்பரப்பும் ஆளுக்கு ஆள் வேறுபடும். கைரேகை பனிக்குழி வேலையில் தேய்ந்துவிடும்; நாக்கோ பேசிப் பேசியும் தேய்வதில்லை. இந்த அடையாளத்துக்கு ‘நாவரி’ என்று பெயரிட்டிருந்தனர். நாவரி பதிந்தால் அன்றைக்கு அவர் நிலவில் இருக்கிறார் என்று பொருள். பதியாவிட்டால் அவர் இருக்கிறாரா என்பதை அரசு ஆராயத் தொடங்கும். ஆராய்ச்சி முடியும்வரை அவருக்குத் தண்ணீர் கிடையாது.

தஸ்நேவிஸும் அவர் மனைவி அமலி என்கிற அமலோற்பவமும் மணமான புதிதில் குலசேகரன்பட்டினத்து ஏவுதளத்திலிருந்து இங்கே வந்தவர்கள். இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. அவருக்குப் பனிக்குழியில் துளையிடும் வேலை. அவளுக்கு உயிர்வளி தரும் பாசித்தொட்டிகளைக் கலக்கும் வேலை.

“ஏளா, நாக்க உள்ள இழு. பதிஞ்சிட்டு” என்றார் தஸ்நேவிஸ்.

“பதிஞ்சா பச்ச எரியணும்லா? எரியலியே.”

“நேத்து நீ வச்ச புளிக்கொழம்புல உன் நாக்கே செத்துப் போயிருக்கும். அரசாங்கம் என்ன செய்யும், பாவம்.”

“அந்தக் கொழம்பத்தான் ரெண்டு தடவ வாங்கித் தின்னீய” என்றாள் அமலி, நாக்கை மறுபடியும் நீட்டுவதற்கு முன்னர். பச்சை எரிந்தது. அவள் சிரிக்கவில்லை. ஆறு மாதங்களாகவே அவள் சிரிப்பதில்லை.

காரணம் அவளுடைய அக்காள் செலஸ்தீன். தாயில்லாத அமலியைத் தூக்கி வளர்த்தவள் அவள். சொந்த ஊரான மணப்பாட்டில் இதயம் பழுதாகிப் படுத்திருந்தாள். புது இதயம் பொருத்தலாம் என்றால் உடல் தாங்காது என்று மருத்துவர்கள் கைவிரித்துவிட்டனர். “ஒருக்க வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போட்டி” என்று திரையில் சொல்லுவாள். நிலவின் வானத்தில் பூமி எப்போதும் அதே இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. விண்கலத்தில் மூன்று நாள் பயணம். ஆனால் அமலியால் போக முடியாது.

நிலவில் நிலைவாழ்வுரிமை பெற்ற அன்றே பூமியிலுள்ள தாய்நாடு தன் கடவுச்சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டது. நிலவோ குடிமக்களுக்கு மட்டுமே பயண ஏடு வழங்கும். நிலைவாழ்வோர் வெளியே சென்று திரும்ப வேண்டுமானால் ‘மீள்வரவுச் சீட்டு’ பெற வேண்டும். அது கையில் இல்லாதவரைப் பூமி தரையிறங்க விடாது. திரும்பிப் போக ஓர் இடம் உள்ளவரைத்தான் எந்த நாடும் விருந்தாளியாக ஏற்கும். நோயாளியைக் காணச் செல்பவர், அந்நோயாளி உயிருடன் இருக்கிறார் என்னும் சான்றை இணைக்க வேண்டும். சான்று ஒரு மாதம் செல்லும். விண்ணப்பத்தைப் பார்வையிட இரண்டு மாதம் ஆகும். ஆதலால் ஒவ்வொரு விண்ணப்பமும், செலஸ்தீன் உயிருடன் இருப்பது ஐயத்துக்குரியது என்ற குறிப்புடன் திரும்பி வந்தது. உயிருடன் இருப்பவளை ஐயத்துக்குரியவள் ஆக்குவதற்கென்றே ஓர் அலுவலகம் இயங்கியது. அதற்குக் குளிரூட்டியும் இருந்தது.

அவ்வலுவலகத்தின் முகப்பில் அமர்ந்திருந்த இயந்திர அலுவலருக்கு வாயிலோன் என்று பெயர். அதன் தமிழில் பிழை காண முடியாது. குரலில் கோபம் என்பதே கிடையாது. மனிதர்களை எரிச்சலூட்ட இவ்விரண்டும் போதுமானவை.

“மூணாந்தடவ அனுப்பியாச்சு!” என்று தஸ்நேவிஸ் மேசையைத் தட்டினார். “அந்தப் பொம்பள உசுரோட கெடந்து கூப்பிடுதா. நீரு என்னன்னா சான்று பழசாயிட்டுங்கீரு. பழசாக்குனது யாரு ஓய்?”

“தங்கள் வருத்தத்தை உணர்கிறேன், ஐயா.”

“நீ ஒரு மயித்தையும் உணர வேண்டாம். இந்த விதிய எழுதுனவன் எவன்? அத மட்டும் சொல்லு. அவன் என் கையில மாட்டுனான்னா, பனிக்குழிக்குள்ள தள்ளி மூடிருவேன்.”

வாயிலோன் பதிவேட்டைப் பார்த்தது. “அவர்களுள் சிலரைத் தாங்கள் அறிந்திருக்கக்கூடும், ஐயா.”

“எனக்கு எந்த அமைச்சனையும் தெரியாது.”

“வாங்க போவோம்” என்று அமலி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குச் சண்டையிடவும் தெம்பில்லை.

அடுத்த வாரம் எதிர்பாராத செய்தி வந்தது. தஸ்நேவிஸின் குடியுரிமை முறை வந்துவிட்டது. உறுதிமொழி ஏற்க வருமாறு அழைத்திருந்தனர். அமலி அவருக்கு ஓராண்டு கழித்து வந்த கலத்தில் வந்து இறங்கியவள். அவள் முறைக்கு இன்னும் ஓராண்டு இருந்தது.

“நாலு நாள்ல அக்காவப் பாக்க ஒன்னக் கூட்டிட்டுப் போறனா இல்லியான்னு பாரு” என்றார் அவர். “குடிமகன் பொண்டாட்டிய எவன் தடுப்பான்?”

அன்று அமலி, பல மாதங்களுக்குப் பிறகு, பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள்.

உறுதிமொழி மண்டபத்தில் புதுக் குடிமக்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். உறுதிமொழி முடிந்ததும் ஒவ்வொருவர் முன்னும் இரண்டு பொத்தான்கள் எழுந்தன. வாயிலோன் மேடையேறியது.

“குடிமக்களே, இக்குடியரசை நிறுவியோர் ஒரு மரபை ஏற்படுத்தினர். நிலைவாழ்வோர் பற்றிய விதிகளை அமைச்சரவை முன்மொழியலாம்; முடிவு செய்யும் உரிமை அதற்கில்லை. அத்துன்பத்தை நேற்றுவரை பட்டவர்களே அதை அறிவர் என்பதால், அவ்வுரிமை புதுக் குடிமக்களுக்கே உரியது. இது தங்கள் முதல் வாக்கு. இவ்வாண்டு முன்மொழிவு இது: நிலைவாழ்வோர் பூமிக்குச் சென்று திரும்ப மீள்வரவுச் சீட்டு இனித் தேவையில்லை, நாவரி ஒன்றே போதும்.”

தஸ்நேவிஸின் விரல் பச்சைப் பொத்தானை நோக்கித்தான் முதலில் நகர்ந்தது.

அருகில் இருந்தவர் சுடலைக்கண்ணு. அடுத்த பனிக்குழியில் மேற்பார்வையாளர். “என்ன அண்ணாச்சி, யோசிக்கீரு?” என்று காதருகே கேட்டார். “எங்க ஐயா செத்தப்ப நான் திரையிலதான் கொள்ளி வச்சேன். நேத்து வந்து எறங்குன பயலுவ நாக்க நீட்டிட்டு ஊருக்குப் போயிட்டு வருவானுவளாக்கும்?”

தஸ்நேவிஸ் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தார். நிலைவாழ்வோர் கூடத்தில் இளைஞர் சிலர் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தனர். அவருடைய குழியில் போன மாதம் சேர்ந்தவன் ஒருவனும் அங்கே நின்றான். அந்த வயதில் தாம் சிரித்ததாக அவருக்கு நினைவில்லை. தம்பியின் திருமணம், தந்தையின் அடக்கம், ஊர்த் திருவிழாக்கள் எல்லாவற்றையும் அவர் திரையிலேயே கண்டிருந்தார். இத்தனை பாடும் தேவையற்றது என்று இன்றைக்கு ஒரு பொத்தானால் முடிவு செய்துவிட்டால், அவர் இழந்தவற்றுக்கு என்ன பொருள்? அமலியின் நினைவு ஒரு கணம் வந்தது. அவள் குடிமகனின் மனைவி. அவளுக்கென்று தனி வழி இருக்கும்.

அவர் சிவப்பை அழுத்தினார்.

பயண ஏட்டை வாங்கிக்கொண்டு, வெளியே காத்திருந்த அமலியை அழைத்துக்கொண்டு, அவர் நேரே முகப்புக்கு வந்தார். வாயிலோன் மேடையிலிருந்து அங்கே திரும்பியிருந்தது.

“இவ என் வீட்டுக்காரி. நான் இப்பம் குடிமகன். சீட்டக் குடும்.”

“வாழ்த்துகள், ஐயா. குடிமக்களின் துணைவியர்க்கு அத்தகைய சலுகை முன்னர் இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் புதுக் குடிமக்கள் அதனை நீக்கிவிட்டனர். தம் மனைவியர் அந்நாள்வரை வரிசையில் நின்றிருக்க, பின்னால் வருவோரின் மனைவியர் நில்லாமல் செல்வது முறையன்று என்று அவர்கள் கருதினர்.”

தஸ்நேவிஸ் அமலியைத் திரும்பிப் பார்த்தார். “அப்பம் இவளுக்கு...”

“இன்றைய முன்மொழிவு நிறைவேறியிருந்தால், அம்மையார் நாளைக் கலத்திலேயே சென்றிருக்கலாம். சீட்டு ஒழிப்பை அமைச்சரவை ஒவ்வோர் ஆண்டும் முன்மொழிகிறது, ஐயா. அது ஒருமுறையும் நிறைவேறியதில்லை.”

“இது எனக்குத் தெரியாதே! நான் இவள நெனச்சுச் செய்யலியே!” என்றார் அவர்.

“அனைவரும் அவ்வாறே கூறுகின்றனர்.”

அமலி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன செய்யல? இன்னைக்கி என்ன கேட்டாவ? யாரு வேண்டாம்னா?”

“வாக்கு மறைவானது, அம்மையீர்” என்றது வாயிலோன். பொய் சொல்லும் திறன் அதற்கு வழங்கப்படவில்லையாகையால், தொடர்ந்து சொன்னது: “ஆயினும், ஒருமனதானது.”

அமலி கணவரைப் பார்த்தாள். அவர் பயண ஏட்டின் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி ஏதும் இல்லை.

“நான் போயிட்டு வந்துருதேன்ளா” என்றார் மெல்ல. “அக்காகிட்ட நீ கேட்டன்னு சொல்லுதேன்.”

“போங்க. போயிச் சொல்லுங்க” என்றாள் அவள்.

நிலைவாழ்வோர் கூடத்துக்குத் திரும்பி நடந்து, ஒரு தூணில் சாய்ந்து நின்றாள். பக்கத்தில், அந்த மாதம்தான் போட்டிருந்த மெத்தை நாற்காலியில், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி காலை நீட்டி அமர்ந்திருந்தாள். முகப்பில் வாயிலோன் சொன்னது அவளுக்கும் கேட்டிருந்தது.

“அக்கா, சீட்டு ஒழிப்பு இந்த வருசமும் தோத்துட்டாமே?” என்றாள் அவள் கவலையுடன். “எங்கம்மாவப் பாக்கணும்போல கெடக்கு. ஒங்க மொற எப்பம்?”

“அடுத்த வருசம்.”

கர்ப்பிணியின் முகம் மலர்ந்தது. “அப்பம் நீங்க எங்களுக்குத்தான ஓட்டுப் போடுவீங்க? ஒங்களுக்குத்தான் தெரியும் இந்தப் பாடு.”

அமலி கண்களைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண்ணை நெடுநேரம் பார்த்தாள். அவள் நீட்டியிருந்த காலையும் அடியிலிருந்த மெத்தையையும் பார்த்தாள்.

“நாங்க வந்தப்ப இங்க நாக்காலியே கெடையாது, தெரியுமா?” என்றாள்.