காரணம் தெரியவில்லை

பிணவறை போன் அலறியது.

டாக்டர் எடுக்கவில்லை. மேஜை மேல் நான்கு வயதுச் சிறுமி. நேற்று மதியம் தூங்கப் போனவள், எழுந்திருக்கவேயில்லை. மூன்று மணி நேரமாகக் காரணம் தேடியாகிவிட்டது. காயமில்லை... விஷத்தின் அடையாளமில்லை... நோயில்லை.

பெரியவர்கள் விஷயத்தில் என்றோ மரத்துப்போன மனசு, குழந்தைகள் விஷயத்தில் மட்டும் மரத்துத் தொலைய மாட்டேன் என்கிறது.

போன் பலிக்காததால் இன்ஸ்பெக்டர் நேரிலேயே வந்துவிட்டார். வெளி பெஞ்சில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த தாயை அவர் பார்த்த பார்வையிலேயே பாதி விலங்கு மாட்டியாகிவிட்டது.

"மூணு வருஷம் முன்னாடி மூத்த பையன். இப்ப இவ. ரெண்டும் தூக்கத்துல. ஒரே வீடு, ஒரே அம்மா. கொலைன்னு எழுதுங்க டாக்டர், இப்பவே கூட்டிட்டுப் போயிடறேன்."

புகார் கொடுத்தவர் கணவனின் அண்ணன். தலையணையை வைத்து அழுத்தியிருப்பாள் என்று சத்தியம் செய்கிறாராம்.

டாக்டர் பாரத்தை எடுத்தார். இயற்கை, விபத்து, கொலை... எல்லாவற்றுக்கும் கீழே 'காரணம் தெரியவில்லை'. அதில் டிக் அடித்தார்.

"இதை எழுதவா டாக்டர் அவ்வளவு படிச்சீங்க?"

"ஆமாய்யா. ஏதாவது வியாதி பேரை எழுதினா ஃபைலை மூடிடுவாங்க. தெரியலைன்னு எழுதினாத்தான் அப்பா, அம்மா, கூடப்பிறந்ததுன்னு எல்லார் இதயத்தையும் பார்த்தே ஆகணும். ரூல் அப்படி."

இன்ஸ்பெக்டர் அரைமனதாக அரை மணி நேரம் கொடுத்தார்.

இருபதாவது நிமிடம் தாயின் ஈ.சி.ஜி. வந்தது. டாக்டர் இரண்டு தடவை அளந்து பார்த்தார். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அவள் இதயம் அடங்க அளவுக்கு மீறி நேரம் எடுத்துக்கொண்டது. பரம்பரைக் கோளாறு. தூக்கத்திலேயே இதயத்தை நிறுத்திவிடும். செத்த பிறகு அறுத்துப் பார்த்தால் சிக்காது.

"ரத்தப் பரிசோதனை உறுதி பண்ணட்டும். ஆனா கொலைன்னு என்னால எழுத முடியாது."

"அந்தக் கைக்குழந்தை?"

"அதுக்கும் இருந்தா மாத்திரை இருக்கு. பிழைச்சுக்கும்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். அந்த நேரம் பார்த்து கான்ஸ்டபிள் மூத்த பையனின் பழைய ஃபைலைக் கொண்டுவந்து வைத்தார்.

"அவன் செத்தப்பவே இந்த டெஸ்ட் எடுத்திருந்தா இவ இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாளே. எந்த மடையன் அது..."

புரட்டினார். காரணம்: நிமோனியா. கீழே கையெழுத்து.

இன்ஸ்பெக்டர் மெதுவாக நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார்.

டாக்டர் ஃபைலை வாங்கிப் பார்த்தார். எத்தனையோ பாரங்களில் ஒன்றாக மறந்துபோனது, இப்போது முழுசாக நினைவுக்கு வந்தது. அந்தப் பையனுக்கு வெறும் சளிதான். ஆனால் வெளியே ஒரு போலீஸ்காரர் தாயைக் குடைந்துகொண்டிருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்தவளை ஸ்டேஷனுக்கு வேறு இழுக்க வேண்டாமே, பாவம் என்றுதான் நிமோனியா என்று எழுதினார்.

"எந்த செக்‌ஷன்ல டாக்டர் கேஸ் போடறது?" குரல் இறங்கியிருந்தது.

"இரக்கப்பட்டதுக்கு இன்னும் செக்‌ஷன் வரலை, இன்ஸ்பெக்டர். வந்தா முதல் ஆளா என்னைப் போடுங்க!"