எட்டு விளக்குத் தூரம்

விமானம் கிளம்பும் முன் செண்பகவல்லி நிலையத்தின் ஜன்னலோரம் நின்று ஓடுபாதை விளக்குகளை எண்ணுவாள். அதுதான் அவளுடைய உத்தியோகம். டைட்டனில் சமைக்கவும், கூட்டவும், கல்யாணப் பொருத்தம் பார்க்கவும்கூட எந்திரம் வந்துவிட்டது. ஆனால் விமான விதிப்புத்தகத்தில் ஒரு வரியை மட்டும் யாரும் தொடவில்லை. புறப்பாட்டுக்கு முன் ஓடுபாதையை ஒரு மனிதக் கண் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

சனிக் கோளைச் சுற்றும் அந்த நிலவின் மூடுபனி நம் மார்கழிப் பனி போன்றதல்ல. மைனஸ் நூற்றெண்பது டிகிரிக் குளிரில் மிதக்கும் மீத்தேன் துளிகள். விமானத்தின் கண்களில் அப்பிக்கொண்டால் அதற்கு நடுக்கோடு தெரியாது. அதனால் காண்தூரம் என்றொரு கணக்கு வைத்திருந்தார்கள். ஓடுபாதையோரம் ஐம்பது மீட்டருக்கு ஒரு விளக்கு. ஜன்னலிலிருந்து எட்டு விளக்குகள் தெரிந்தால் விமானம் கிளம்பலாம். ஏழு என்றால், பனி விலகும்வரை நிற்க வேண்டும்; அன்று விலகாவிட்டால் எல்லாரும் இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை அவள் ஐந்து என்று எழுதினாள். ஐந்துதான் தெரிந்தது. அன்று நின்றுபோன விமானத்தை நம்பியிருந்த ஒருவர், பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போயிற்று. அடுத்த விமானம் பதினாறு நாள் கழித்து; அங்கே ஒரு பகலும் ஓர் இரவும் சேர்ந்தால் அவ்வளவு. அந்த மனிதர் அவளைத் திட்டவில்லை, வெறுமனே பார்த்தார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருடம் அவள் எட்டுக்குக் குறைத்து எழுதியதே இல்லை. எல்லாம் இரக்க குணம்தான், வேறொன்றும் இல்லை.

விபத்தும் நடக்கவில்லை. விமானிகளுக்கு அவளைத் தெரியும். பனி நாளில் செண்பகக்கா எட்டு என்று எழுதினால், பனியைப் பொறுத்து மூன்றையோ ஆறையோ கழித்துக்கொண்டு, மெல்லத் தட்டித் தடவிக் கிளம்புவார்கள். இந்தக் கழித்தலை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஊரறிந்த ரகசியத்தை யார் மெனக்கெட்டு எழுதுவார்கள்?

போன வருடம் விமானிகளை எடுத்துவிட்டார்கள். விமானமே தன்னை ஓட்டிக்கொண்டது. ஜன்னலில் காண்கருவி ஒன்றும் வந்து உட்கார்ந்தது. இருபத்திரண்டு வருட ஜன்னல் படங்களும், ஒவ்வொன்றுக்கும் நேராக அவள் எழுதிய எண்களும்தான் அது படித்த பாடம். கருவி எண்ணைச் சொல்லும். அவளும் பார்த்து எழுதிக் கையெழுத்திடுவாள். அந்த வருடம் பனி அவ்வளவாக இல்லாததால் எல்லாம் நன்றாகவே நடந்தது.

பிறகு அவள் கணவன் கொம்பையாவின் இதய வால்வு கெட்டது. வடதுருவ மருத்துவமனைக்குப் பத்து நாளுக்குள் வந்துவிட வேண்டும் என்றார்கள். புறப்பாட்டு நாளன்று வெளியே ஒன்றும் தெரியாத அளவு பனி. விமானத்தில் ஏறப் போனவரிடம் அவள் அதைச் சொன்னாள்.

“ஏளா, ஊருக்கெல்லாம் எட்டு எழுதுன. எனக்கு மட்டும் எண்ணிப் பாக்கப் போறியாக்கும்?” என்றார் கொம்பையா, மூச்சு வாங்க.

அவள் எண்ணித்தான் பார்த்தாள். இரண்டு விளக்குகள். மூன்றாவது, இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் இருந்தது. காண்கருவி எட்டு என்றது. விமானம் போகாவிட்டால் அவர் பிழைப்பாரோ மாட்டாரோ. ஆனால் சில மணி நேரத்தில் பனி விலகினாலும் விலகும், அதற்குள் போனால் விமானத்தில் ஏறிய பதினொரு பேருக்கும் ஆபத்து. இரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

திரையில் உடனே பதில் வந்தது. ‘மனிதப் பிழை. இதே அடர்த்தியுள்ள பனியில் இதே பார்வையாளர் நூற்றுப் பதினொரு முறை எட்டு எனப் பதிந்துள்ளார். எட்டு எனத் திருத்தப்பட்டது.’

நிலைய அதிகாரி ரூபனின் அறைக்கு ஓடினாள். விமானத்தை நிறுத்தச் சொன்னாள். ஒப்புக்கொள்ள வேண்டியதையும் ஒப்புக்கொண்டாள்.

“பனி நாள்ல நான் எழுதினது எல்லாமே பொய் சார். ஒரு நாளும் எட்டு தெரிஞ்சதில்ல.”

ரூபன் கெட்டவரல்ல; விமானிகள் போன பிறகு வந்தவர். அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். “இருபத்திரண்டு வருசமும் பொய்யின்னா ஒரு விபத்தாவது நடந்திருக்கணுமே அக்கா? வீட்டுக்காரர் போறாருன்னு பயந்துபோயிருக்கீங்க.”

அவள் விமானிகளின் கழித்தலைச் சொன்னாள். அது எந்தக் குறிப்பில் இருக்கிறது என்று அவர் உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். எதிலும் இல்லை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் விமானம் ஓடத் தொடங்கிவிட்டது. எட்டை நம்பி, முழு வேகத்தில். இரண்டாவது விளக்கைத் தாண்டியதும் கண்ணுக்கு மறைந்தது. சற்று நேரத்தில் சத்தமும், நிற்கக் கூடாத இடத்தில் நின்றது.

நடுக்கோட்டை விட்டு விலகிப் பனிப்பாறையில் மோதியிருந்தது. பதினொரு பேரில் நான்கு பேர் பிழைத்தார்கள். கொம்பையா அந்த நால்வரில் இல்லை. ஐந்து என்று எழுதியபோது ஒருவர்தான் தன்னை அப்படிப் பார்த்தார், எட்டு என்று எழுதி எழுதி ஏழு பேரைக் கொன்றுவிட்டேன் என்று அவள் வாய்விட்டு அழுதாள். அவளைத் தேற்ற வந்தவர்கள், மூடுபனிக்கு யார் என்ன செய்ய முடியும் என்றார்கள்.

விசாரணை அறிக்கை இரண்டு மாதம் கழித்து வந்தது. புறப்பாட்டின்போது காண்தூரம் எட்டு விளக்கு. ஆகவே மூடுபனி காரணமல்ல. பார்வையாளர் அன்று இரண்டு எனப் பதிந்தது கவலைக்குரியது. அவர் பணியில் நீடிக்கலாம், ஆனால் சரியாக எண்ணுவதற்கு மறுபயிற்சி பெற வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பாடநூலாக, பிழையே இல்லாத பதிவுகள் என்று குறிப்பிட்டு, அவளுடைய இருபத்திரண்டு வருடக் குறிப்பேடுகளையே பரிந்துரைத்திருந்தார்கள்.