ஆறாவது காப்பிக்கொட்டை

கரடியூரில் ஐயாக்கண்ணு என்று ஒரு விவசாயி இருந்தார். கேழ்வரகும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு வந்தார். என்றாலும் அவரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள்.

மாட்டின் கீழுதட்டை விலக்கி, முன்வரிசைப் பற்களை ஒரே ஒரு முறை பார்ப்பார். பால்பல் விழுந்து, அந்த இடத்தில் அகலமான புதுப்பல் இரண்டு முளைத்திருந்தால் அது 'ரெண்டு பல்லு' மாடு. நான்கு முளைத்திருந்தால் 'நாலு பல்லு'. விழாமல் இருப்பவை எல்லாம் பால்பற்கள். இந்தக் கணக்கில் அவர் ஒருநாளும் தவறியதில்லை.

ஆகவே, 1984-ஆம் ஆண்டு தை மாதத்தில் அவருடைய இரண்டாவது மகள் பாவாயிக்குப் பல்வலி வந்தபோது, அவருக்குச் சிறிதும் குழப்பம் ஏற்படவில்லை. பாவாயிக்கு வயது ஏழு. கீழ்வரிசையில், வலப்பக்கக் கடைசிப் பல்லில் கறுப்பாக ஒரு குழி விழுந்திருந்தது. அவர் மகளின் வாயை வெளிச்சத்தின் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"அந்த எடத்துல பல்லு விழுந்து மொளைச்சுதா கண்ணு?"

"இல்லீங்கப்பா. விழவே இல்லீங்க."

"அப்பப் பால்பல்லுதான். நம்ம பாவாயி இன்னும் நாலு பல்லுக் கெடாரிதானே. புடுங்கிட்டா வேற மொளைச்சுக்கும்."

எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஆறுமுகம் என்ற கம்பவுண்டர் இருந்தார். பால்பல் என்றால் அவரே பிடுங்கிவிடுவார். நிலையான பல் என்றால் தொடமாட்டார். சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். காப்பிப் பழம் பறிக்கும் சமயமாதலால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஓய்வில்லை. சனிக்கிழமை பாவாயியை அழைத்துப் போகும் பொறுப்பு அக்காள் காளியாயியிடம் வந்தது.

"பால்பல்லுன்னு நாஞ் சொன்னேன்னு சொல்லு. அது போதும்," என்றார் அப்பா.

காளியாயிக்கு அது போதவில்லை. அவள் ஐந்தாம் வகுப்பு மாணவி. பால்பற்கள் இருபது, அவை விழுந்து பெரியவர்களாகும்போது முப்பத்திரண்டு என்று சரஸ்வதி டீச்சர் சென்ற மாதம்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். இருபது விழுந்தால் இருபதுதானே முளைக்க வேண்டும்? மீதிப் பன்னிரண்டும் எங்கிருந்து வரும்? வகுப்பில் கேட்கக் கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிட்டாள். இப்போது கேட்கலாமென்றால், பொங்கல் விடுமுறை; டீச்சர் சேலத்துக்குப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை, கண்ணாடியின் முன் நின்று தன் பற்களை எண்ணினாள். இருபத்து நான்கு இருந்தன. பிறகு பாவாயிக்கு எண்ணினாள். இருபத்திரண்டு பற்களும், மேல்வரிசையில் விழுந்துபோன இடம் இரண்டும். ஆக அவளுக்கும் இருபத்து நான்குதான். இருவருக்கும் மூன்று வயது வித்தியாசம் இருக்க, எண்ணிக்கை மட்டும் எப்படி ஒன்றாகும்? காளியாயி மறுபடியும் எண்ணினாள். மறுபடியும் அதே எண் வந்தது. குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

"சந்தையில மாட்டுக்குப் பாக்கற மாதிரி எத்தன தடவ பாப்ப? எனக்கு வாய் வலிக்குது," என்று பாவாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசித் தம்பி மாரியப்பனுக்கு நான்கு வயது. அவனுக்கு இன்னும் ஒரு பல்கூட விழவில்லை. காளியாயி அவனுக்கு ஒரு துண்டு வெல்லம் தருவதாகச் சொல்லி வாயைத் திறக்க வைத்தாள். ஏழாவது பல்லை எண்ணும்போது அவன் விரலைக் கடித்துவிட்டான். இன்னொரு துண்டு வெல்லம் கொடுத்து மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.

விரலால் எண்ணினால் மறந்துபோகிறது என்று, களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டைகளில் ஒரு கை அள்ளி வந்தாள். ஒரு பல்லுக்கு ஒரு கொட்டை. மேல்வரிசைக்கு ஒன்றும் கீழ்வரிசைக்கு ஒன்றுமாக, மாட்டு லாடத்தைப் போல வளைவாக வைத்துக்கொண்டே போனாள். நடுவிலிருந்து ஒரு பக்கமாக வந்தால், வெட்டுப்பல் இரண்டு, கூரான கோரைப்பல் ஒன்று, கடைவாய்ப்பல் இரண்டு. ஆக ஐந்து. நான்கு பக்கமும் ஐந்தைந்தாக இருபது. டீச்சர் சொன்னது சரியாக இருந்தது.

அடுத்துப் பாவாயியின் பற்களுக்கு வைத்தாள். விழுந்த இடத்துக்குச் சிறு கல் வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. அதற்குப் பின்னால் ஆறாவதாக ஒரு கொட்டை வந்து நின்றது. நான்கு பக்கமும் அப்படியே. குழி விழுந்து வலிக்கிற பல் அந்த ஆறாவதுதான்.

காளியாயி இருவரின் லாடங்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பால்பல் ஐந்தோடு முடிந்துவிடுகிறது. அப்படியானால் ஆறாவது யாருடையது?

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. போன வருடம் பாவாயி கடலை மெல்லமாட்டேன் என்று சில நாட்கள் அழுதாள். கடைவாயின் கோடியில் ஈறு வீங்கியிருந்தது. அம்மா தேன் தடவினார். பிறகு எல்லோரும் அதை மறந்துவிட்டார்கள். எந்தப் பல்லும் விழாததால், புதுப்பல் ஒன்று பின்னால் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை போலும்.

மாலையில் இதை அப்பாவிடம் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, சிரித்தார். விழாத இடத்தில் புதுப்பல் வந்த மாட்டை இந்த மலையில் எவரும் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை காளியாயி அந்தக் காப்பிக்கொட்டைகளைப் பாவாடை ஓரத்தில் முடிந்துகொண்டு புறப்பட்டாள். டிஸ்பென்சரியில் நல்ல கூட்டம். கம்பவுண்டர் ஆறுமுகம் பாவாயியை முக்காலியில் உட்கார வைத்தார்.

"பால்பல்லுதானே சாமி? அப்பா என்ன சொன்னாரு?"

அவர் கையில் குறடு பளபளத்தது. பாவாயி கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

காளியாயி கொட்டை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். பால்பல் என்று சொல்லி, அது பால்பல்லாக இல்லாவிட்டால், தங்கைக்கு அந்த இடம் ஆயுள் முழுவதும் வெறுமையாகவே கிடக்கும். இல்லை என்று சொல்லி, அப்பா சொன்னதே சரியாகிவிட்டால், தங்கை வலியோடு சேலம் வரை போக வேண்டும். அப்பாவின் சொல்லையும் தட்டியதாகும். தான் எண்ணியது சரிதானா என்றே அவளுக்கு மீண்டும் குழப்பமாகிவிட்டது.

"அப்பா பால்பல்லுன்னுதானுங்க சொன்னாரு," என்றாள். கம்பவுண்டர் குனிந்தார். "ஆனா, ஏனுங்க, கொஞ்சம் இருங்க. எண்ணுனா அப்படி வரமாட்டேங்குதுங்க."

முடிச்சை அவிழ்த்து, மருந்துப் புட்டிகளுக்கு இடையில் கொட்டைகளை வளைவாக அடுக்கத் தொடங்கினாள். வரிசையில் நின்றவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். காப்பி எடை போட இங்கே ஏன் வந்தாய் என்று ஒருவர் கேட்டார். அவள் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"இது தம்பிக்குங்க, அஞ்சு. இது இவளுக்கு, ஆறு. வலிக்கறது இந்த ஆறாவதுங்க. இதுக்கு முன்னால அங்க பல்லே இல்லீங்க."

கம்பவுண்டர் கொட்டைகளைப் பார்த்தார். சின்னக் கண்ணாடியை எடுத்துப் பாவாயியின் வாய்க்குள் விட்டு, நடுவிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு கையிலிருந்த குறட்டைத் தட்டில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஆறாவதேதான். கெழவியாகற வரைக்கும் இருக்க வேண்டிய பல்லு கண்ணு இது. கூட்டத்துல நானும் எண்ணாமப் போயிட்டேன்."

குழியைத் துடைத்து, கிராம்பெண்ணெய் மணக்கும் மருந்தொன்றைக் குழைத்து அடைத்தார். சேலத்துக்குச் சீட்டும் எழுதினார். மாட்டுக்கும் கடைவாயில் இப்படித்தான், பின்னால் புதிதாகவே முளைக்கும்; நாம் முன்வரிசையை மட்டும் பார்ப்பதால் தெரிவதில்லை என்று அப்பாவிடம் சொல்லச் சொன்னார்.

வீட்டு வாசலில் மாரியப்பன் சாணி உருண்டையோடு காத்திருந்தான். விழுந்த பல்லைச் சாணிக்குள் வைத்துக் கூரைமேல் எறிந்தால்தான் புதுப்பல் முளைக்கும் என்பது அந்த ஊர் வழக்கம். எறியும் வேலையை இம்முறை தனக்குத் தரவேண்டும் என்று அவன் கேட்டு வாங்கியிருந்தான்.

"பல்லு எங்க?" என்றார் அப்பா.

பாவாயி வாயைத் திறந்து காட்டினாள். காளியாயி நடந்ததை எல்லாம் சொன்னாள். அப்பா நேராக மாட்டுக் கொட்டகைக்குப் போனார். திரும்பி வந்தபோது, முழங்கை வரை மாட்டின் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. முகத்தில் பெருங்குழப்பம்.

கையைக் கழுவிக்கொண்டு வந்து காளியாயியின் எதிரில் உட்கார்ந்தார்.

"எனக்கு எண்ணு பாப்போம்," என்று வாயைத் திறந்தார்.

காளியாயி கொட்டைகளை வைத்தாள். மூன்று பக்கங்களில் எட்டெட்டு வந்தன. நான்காவது பக்கத்தில் ஐந்து வைத்ததும் அவள் கை நின்றுவிட்டது. அங்கே ஓர் இடைவெளி இருந்தது. ஆறாவது கொட்டை அவள் விரலிடுக்கிலேயே தங்கிவிட்டது.

"அது சின்னதுல புடுங்குனது," என்றார் அப்பா மெதுவாக. "பால்பல்லுன்னு எங்கப்பன் சொன்னாரு. மொளைக்கும் மொளைக்கும்னு நானும் பாத்துட்டு இருந்தேன்."

பாவாயி எட்டிப் பார்த்தாள். "இன்னுமா மொளைக்கலீங்கப்பா?"

அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காளியாயியின் கையிலிருந்த அந்தக் காப்பிக்கொட்டையை வாங்கி, சாணி உருண்டைக்குள் அழுத்தி, மாரியப்பனிடம் நீட்டினார்.

"எறி சாமி. எனக்காச்சும் மொளைக்குதான்னு பாக்கலாம்."

மாரியப்பன் தன் பலத்தையெல்லாம் கூட்டி எறிந்தான். உருண்டை கூரையின் உச்சியிலேயே போய் ஒட்டிக்கொண்டது.